பொய் இருமல்

ஓட்டுநருக்கு வாழ்க்கையில் யாரையும் ஏமாற்றத் தெரியாது. காலமெல்லாம் நகரப் பேருந்து ஓட்டியவர். நிறுத்தத்துக்குப் பத்தடி முன்னால் நின்று கர்ப்பிணிப் பெண் கைகாட்டினால்கூட வண்டியை நிறுத்தமாட்டார். "நிறுத்தம் அங்க இருக்கு, அங்க வந்து நில்லுங்க" என்பதுதான் அவருடைய வேதம். டிப்போவில் அவருக்கு 'சட்டம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர், ஓய்வு பெறும் வயதில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, ஒரு டாக்டரம்மாவை ஏமாற்றுவதற்காக இருமிப் பழகிக்கொண்டிருந்தார் என்றால், காலம் எப்படிக் கெட்டுக் கிடந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சலை வீட்டுக்குள் கொண்டுவந்தது அவர்தான். பேருந்தில் யாரோ இருமியிருப்பார்கள். ஆயிரம் பேர் ஏறி இறங்கும் வண்டியில் யார் என்று கேட்பது? அவர் படுத்தார். மனைவி கஞ்சி வைத்துக் கொடுத்தாள், நெற்றியில் ஈரத்துணி போட்டாள், கடைசியில் அவரைவிட மோசமாக அவளே விழுந்தாள். இரண்டு பேரையும் ஒரே ஆம்புலன்ஸில் ஏற்றி வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் பிரித்துவிட்டார்கள். அவளுக்குத் தரைத்தளத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு, இவருக்கு மாடியில் வார்டு. பிரியும்போது அவள் ஏதோ சொன்னாள். வாயிலும் மூக்கிலும் ஆக்ஸிஜன் மூடி இருந்ததால் அவர் காதில் விழவில்லை. அது என்னவாக இருக்கும் என்று யோசித்து யோசித்தே அவருக்குப் பாதி உயிர் போயிருந்தது.

பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லாத காலம் அது. மகள் மட்டும் போனில் பேசுவாள்.

"அம்மா எப்படி இருக்கா பாப்பா?"

"நல்லாத்தான் இருக்காங்கப்பா."

அந்த 'நல்லாத்தான்' அவருக்கு ஏற்கெனவே பழக்கமான 'நல்லாத்தான்'. மனைவிக்குச் செயற்கை சுவாசக் கருவி வைத்த அன்றும் மகள் இதையேதான் சொன்னாள். விஷயம் வேறு யார் மூலமாகவோ தெரியவந்து அவர் கத்தியபோது, "நீங்க பயந்துடுவீங்கன்னுதான்பா" என்று அழுதாள். அன்றோடு மகளுடைய பேச்சை நம்புவதை விட்டுவிட்டார். இப்போது கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருப்பதாகவும், மயக்க மருந்தைக் குறைத்துக்கொண்டே வருவதாகவும், அம்மா கண் விழிக்கிறாள் என்றும் சொல்கிறாள். இதில் எது நிஜம், எது தனக்காகச் சர்க்கரை தடவியது? ஒரே ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும். கண்ணால் பார்த்தால் போதும். அவருக்கு அப்போது வேறு எந்த ஆசையும் கிடையாது.

அதற்கு ஒரு பாட்டில் குறுக்கே நின்றது.

ஒருநாள் காலையில் பல் துலக்கும்போது அடக்க முடியாத இருமல் வந்தது. இருமி முடிப்பதற்குள் வலது விலாவில் யாரோ கத்தியைச் செருகியதுபோல் இருந்தது. மூச்சை இழுத்தால் பாதிக்கு மேல் போகவில்லை. படம் எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் டாக்டரம்மா வந்து, உடம்பு முழுக்கப் போர்த்திய உடைக்குள்ளிருந்து கண்களை மட்டும் காட்டி, பொறுமையாகச் சொன்னார். "வைரஸ் உங்க நுரையீரலை நைஞ்ச துணி மாதிரி ஆக்கிடுச்சு. இருமின வேகத்துல ஒரு இடம் கிழிஞ்சிருக்கு. உள்ளே போற காத்து அதுவழியா கசிஞ்சு, நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவுல நிறைஞ்சு, நுரையீரலை அமுக்கிட்டு இருக்கு. அந்தக் காத்தை வெளியேத்தணும்."

விலா எலும்புகளுக்கு நடுவே மரத்துப்போக ஊசி போட்டு, சிறிதாகக் கீறி, விரல் பருமனில் ஒரு குழாயை உள்ளே செலுத்தினார்கள். குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில், தண்ணீருக்குள் முங்கியிருந்தது. நெஞ்சுக்குள் இருக்கும் காற்று தண்ணீர் வழியாகக் குமிழி விட்டு வெளியே போகும். வெளிக்காற்று தண்ணீரைத் தாண்டி உள்ளே வர முடியாது. டாக்டர் இதை விளக்கப் படாதபாடு பட்டார். ஓட்டுநருக்கு மூச்சிரைப்புக்கு நடுவிலும் சட்டென்று புரிந்துவிட்டது. "ஒருவழிப் பாதை" என்றார்.

அன்று முதல் தினமும் காலையில் இதே கூத்து. டாக்டர் வருவார், குனிந்து பாட்டிலைப் பார்ப்பார், "இருமுங்க" என்பார். இவர் இருமுவார். தண்ணீர் குபுகுபுவென்று பொங்கும். "கிழிசல் இன்னும் மூடலை, கசியுது. பொறுமையா இருப்போம், தானா மூடிக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். பாவம், அவருக்கும் எத்தனை கட்டில்கள்! இவர் முகத்தைப் பார்க்க அவருக்கு நேரம் ஏது?

பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருந்தார். வார்டில் எல்லோரையும்விட நீண்ட நாள் வாசம். ஓயாமல் பேசுவதால் நர்ஸ்கள் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்திருந்தார்கள். உலகத்தில் ரேடியோவுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது; தெரியாவிட்டாலும் தெரிந்த குரலில்தான் சொல்வார்.

"கீழே போய் வீட்டம்மாவைப் பார்க்கணும்னு சொல்றீங்களே, நடக்கற காரியமா?" என்றார் ரேடியோ. "இந்த பாட்டிலோட உங்களை அந்த ஐ.சி.யூ. வாசப்படியை மிதிக்க விடமாட்டாங்க. ரூல்ஸ். முதல்ல குமிழி நிக்கணும். நின்னா குழாயை எடுப்பாங்க. குழாயை எடுத்தாத்தான் கட்டிலை விட்டு இறங்கலாம்."

வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். நம் ஆள் கேட்கவில்லை. விதி என்று ஒன்று காதில் விழுந்துவிட்டால் அதை எதிர்த்துக் கேள்வி கேட்பது அவர் ரத்தத்திலேயே இல்லை. அடுத்தவர்கள் கெஞ்சியபோதெல்லாம் "ரூல்ஸ்" என்று சொல்லி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனவர், இன்று தனக்கென்று எந்த வாயோடு கெஞ்சுவார்? விதியை மீறக் கூடாது. ஆனால் பரீட்சையில் எப்படியாவது பாஸாகிவிடலாம். இப்படி ஒரு கோணல் நியாயம் அவருக்குள் முளைத்தது.

இருமலில் இரண்டு வகை உண்டு என்பதை அவர் கண்டுபிடித்தார். நெஞ்சிலிருந்து எழும்பி வருவது ஒன்று. அதற்குப் பாட்டில் பொங்கும். தொண்டையை மட்டும் செருமிக் கரகரக்க வைப்பது இன்னொன்று; கேட்பவர்களுக்கு அதுவும் இருமல்தான், தண்ணீர் மட்டும் அசையாது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பழகினார். நிஜ இருமல் கிளம்பினால் வெந்நீரை ஒரு வாய் குடித்து அமுக்கினார். அமுக்க முடியாமல் போனால் நர்ஸ்கள் பணி மாறும் நேரமாகப் பார்த்து, தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இருமித் தீர்த்தார். குமிழி எழுந்து அடங்கும்வரை பாட்டிலைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கிழிசலும் சிறுத்துத்தான் போயிருந்தது. சும்மா மூச்சு விட்டால் தண்ணீர் ஆடாது. அது அவருக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

"இருமுங்க" என்றார் டாக்டர்.

தொண்டையில் செருமினார். தண்ணீர் சமத்தாக இருந்தது.

"இன்னொரு தடவை... அட, நல்லாயிருக்கே! சிஸ்டர், நேத்து ஏதாவது குமிழி வந்துச்சா?"

"நான் பார்க்கலை டாக்டர்."

"நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றார் ஓட்டுநர். வாழ்க்கையில் முதல் பொய்.

டாக்டர் அவசரக்காரர் இல்லை. மறுநாளும் பார்த்தார். படம் எடுக்கச் சொன்னார். படத்தில் நுரையீரல் முழுசாக விரிந்திருந்தது. அதற்கப்புறம்தான், மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொல்லி, குழாயை உருவித் தையலை முடிந்தார். திரும்பவும் ஒரு படம். அதிலும் குறை ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் ஓட்டுநர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "டாக்டர், கீழே என் வீட்டுக்காரி இருக்கா. ஒரு தடவை பார்த்துட்டு வந்துடட்டுமா?"

"தாராளமா. அவங்களும் இப்போ நல்லா முழிச்சுப் பார்க்கறாங்க. நீங்க வரப்போறீங்கன்னு சொல்லச் சொல்றேன்."

சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கொடுத்து, வார்டு பணியாளர் தள்ளிக்கொண்டு போனார். லிஃப்ட் இறங்கியது. நீளமான நடைபாதை. இப்போதுதான் துடைத்த தரையிலிருந்து மருந்து நெடி மூக்கில் ஏறியது. கோடியில் இரட்டைக் கதவு. அதற்குப் பின்னால் அவள். ஓட்டுநர் தலைமுடியைக் கையால் படிய வாரிக்கொண்டார். பெண் பார்க்கப் போன அன்றுகூட அவர் இத்தனை முறை வாரியிருக்கமாட்டார்.

அந்த நெடியா, பதற்றமா, இத்தனை நாள் அமுக்கி வைத்ததெல்லாம் கணக்குத் தீர்க்க வந்ததா, தெரியாது. இருமல் கிளம்பியது. வெந்நீர் இல்லை, தலையணை இல்லை. நெஞ்சைப் பிளந்துகொண்டு வந்தது. மூன்றாவது இருமலில் பழைய இடத்தில் பழைய கத்தி இறங்கியது. மூச்சை இழுத்தார், வரவில்லை. மறுபடி இழுத்தார், நெஞ்சு உப்பிக்கொண்டதே தவிர உள்ளே எதுவும் போகவில்லை. கழுத்து நரம்புகள் புடைத்தன. "ஐயா, ஐயா" என்ற பணியாளரின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. கதவுக்கு இன்னும் சில அடிகள்தான். எழுந்து நடந்துவிடலாம் என்று நினைத்தார். கால்கள் நினைக்கவில்லை.

ஐ.சி.யூ.வுக்குள் வேறொரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா சத்தம் கேட்டு ஓடிவந்தார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார், ஒரு பக்கம் ஓசையே இல்லை. படம் எடுக்கவெல்லாம் அவகாசம் கிடையாது. சட்டையைக் கிழித்துத் திறந்து, காலர் எலும்புக்குக் கீழே விரலால் தடவி இடம் பார்த்து, தடித்த ஊசியை நேராக இறக்கினார். 'ஸ்ஸ்...' என்று நீளமாக ஒரு காற்றுச் சத்தம். அடைத்துக்கொண்டிருந்த உலகம் மெல்லத் திறந்தது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போட்டு, அருகில் இருந்த இடத்துக்கே, அந்த இரட்டைக் கதவுக்குள்ளேயே, தள்ளிக்கொண்டு போனார்கள். வர வேண்டும் என்று துடித்த இடத்துக்கு வந்துதான் சேர்ந்தார். வந்த கோலத்தைத்தான் சொல்லிக்கொள்ள முடியாது.

மறுநாள் காலையில் தெளிவாகக் கண் விழித்தபோது விலாவில் புதுக் குழாய் இருந்தது. தலையைத் திருப்பினார். திரைச்சீலை விலகியிருந்தது. அடுத்த கட்டிலில் அவள்.

பாதியாக இளைத்திருந்தாள். கழுத்தில் குழாய், அதனால் பேச்சு இல்லை. ஆனால் கண்கள் அதே கண்கள். மகள் இந்த ஒரு விஷயத்தில் பொய் சொல்லவில்லை. ஓட்டுநர் அவள் பக்கம் கையை நீட்டினார். "வந்துட்டேன்" என்றார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் தரையில் இருந்த பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தூக்கத்தில் இருமியிருப்பார் போலிருக்கிறது. தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவள் தலைமாட்டில் இதயத் துடிப்பைக் காட்டும் கருவி படபடவென்று அடித்தது. பயந்திருக்கிறாள். அவளைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதானே கிளம்பினார்? இப்போது பயம் காட்டத்தான் வந்திருக்கிறார்.

டாக்டரம்மா வந்தார். ராத்திரி தூங்கியிருக்கவில்லை என்று கண்களே சொன்னன. "எனக்குப் புரியவே மாட்டேங்குது" என்றார் நர்ஸிடம். "ரெண்டு நாள் ஒரு குமிழிகூட இல்லையே. நான்தான் அவசரப்பட்டு எடுத்துட்டேன் போலிருக்கு. என் தப்பு."

ஓட்டுநருக்குக் காது சுட்டது. வாயைத் திறக்க நினைத்தார், திறக்க முடியவில்லை.

"எங்கே, இருமுங்க பார்க்கலாம்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொங்கினால் இன்னும் பயப்படுவாள். வேண்டாம். தொண்டையில் செருமினார். தண்ணீர் அசையவில்லை.

"அட, அதுக்குள்ள நின்னுடுச்சா?" என்று டாக்டர் நிமிர்ந்தார்.

டக் டக் என்று ஒரு சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். மனைவி விரல் முட்டியால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, வலிக்குதா?"

இல்லை என்று தலையசைத்தாள். கையைத் தூக்கவே அவளுக்குச் சிரமமாக இருந்தது. தூக்கினாள். கணவரைச் சுட்டினாள். பிறகு தன் தொண்டையைத் தொட்டு, இல்லை என்று விரலை ஆட்டினாள். உள்ளங்கையை நெஞ்சின்மேல் வைத்து, இங்கே என்று தட்டினாள்.

டாக்டருக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. அப்புறம் மெதுவாகத் திரும்பி, இத்தனை நாளில் முதல் முறையாக, ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தார். "இது... உங்க இருமலே இல்லையா?"

காலமெல்லாம் பக்கத்தில் படுத்தவளிடம் எதை மறைக்க முடியும்? ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சிலிருந்து இருமினார். பாட்டில் குபுகுபுவென்று பொங்கியது.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். போர்வைக்குள் பழகியது, வெந்நீர், தலையணை, சொன்ன பொய், ஒன்றுவிடாமல். டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பாட்டிலோட இங்க வரக்கூடாதுன்னு யார் சொன்னது?"

"பக்கத்துக் கட்டில்காரர்."

"யாரு, ரேடியோவா?" டாக்டருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "பாட்டிலை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே பிடிச்சுக்கிட்டு, குழாய் மடங்காம பார்த்துக்கிட்டா போதும். கேட்ட அன்னைக்கே கூட்டிட்டு வந்திருப்பேனே! கிழிசல் மூடலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா செத்துப் பொழைச்சிருக்க வேண்டாமே. வாயைத் திறந்து கேட்கறதுக்கு என்ன?" சொல்லிவிட்டு அவரே தணிந்தார். "எதுக்கு இவ்வளவு அவசரப்படறீங்கன்னு நானும் கேட்கலை. சரி. இப்போ எதுக்குப் பொய்? இவங்க பக்கத்துலதானே இருக்கீங்க?"

"அவ பயந்துடுவான்னு..."

மனைவி உதடுகளை அசைத்தாள். சத்தமில்லாமல், நிறுத்தி நிறுத்தி. நர்ஸ் குனிந்து பார்த்தும் அவருக்குப் பிடிபடவில்லை. ஓட்டுநருக்குப் புரிந்தது. 'தெரியாம இருக்கறதுதான் பயம்.'

அவர் குழந்தை மாதிரி அழுதார். அழ அழக் குமிழி வந்தது. அவள் இந்தத் தடவை பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை, கருவி படபடக்கவும் இல்லை.

அப்போதுதான் போன் அடித்தது. தினமும் அந்த நேரத்துக்கு மகள் அம்மாவுக்காகக் கூப்பிடுவாள். பிளாஸ்டிக் உறையில் போட்ட போனை நர்ஸ் எடுத்து, ஸ்பீக்கரைத் திறந்து, இரண்டு கட்டில்களுக்கும் நடுவே நீட்டினார்.

"அப்பா! நேத்து என்னமோ ஆச்சாமே? எப்படி இருக்கீங்க?"

"நல்லாத்தான்..." என்று ஆரம்பித்தவர் மனைவியின் பார்வையைச் சந்தித்து நிறுத்திக்கொண்டார். "நல்லா இல்ல பாப்பா. நுரையீரல் கிழிஞ்சது இன்னும் மூடலை. நான் ஒரு முட்டாள்தனம் பண்ணேன், அப்புறம் சொல்றேன். மறுபடி குழாய் போட்டிருக்காங்க. அம்மாவால பேச முடியலை, ரொம்ப இளைச்சுட்டா. ஆனா மூளை சுத்தமா வேலை செய்யுது. இப்போ என்னைத்தான் முறைச்சுக்கிட்டு இருக்கா. இதுதான் நிலைமை. இனிமே உன்கிட்ட எதையும் மறைக்கமாட்டேன்."

கொஞ்ச நாளாகவே மகளின் குரல் கம்மியிருந்தது. அழுகிறாள் என்றுதான் அவர் எண்ணியிருந்தார்.

"அப்பா..." என்றாள். "எனக்கும் வந்துடுச்சுப்பா. உங்களை ஆம்புலன்ஸ்ல ஏத்தின கொஞ்ச நாள்லயே. நீங்க ரெண்டு பேரும் இருக்கற நிலைமையில எப்படிச் சொல்றதுன்னு... இப்போ பரவாயில்லைப்பா. லேசா இருமல், அவ்வளவுதான்."

வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள். கஞ்சி வைத்துக் கொடுக்க யாரும் இல்லை. மனைவி எழுந்து உட்கார முயன்றாள், முடியவில்லை. போனைச் சுட்டி, நெஞ்சைத் தட்டினாள்.

"போனை வாய்கிட்ட வெச்சு இருமு பாப்பா" என்றார் அவர். "அம்மா கேக்கணுமாம்."

மகள் இருமினாள். சின்னதாக, மேலோட்டமாக. மனைவி கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"அது இல்லையாம். ஒழுங்கா இருமு."

பிறகு வந்தது. ஆழத்திலிருந்து, ஒன்றன்மேல் ஒன்றாக, மூச்சு எடுக்க இடம் கொடுக்காமல். அது ஓய்வதற்குள் டாக்டரம்மா போனைக் கையில் வாங்கியிருந்தார்.

"நான் டாக்டர் பேசறேன்மா. எழுந்து நடந்தா மூச்சு வாங்குதா?"

"இல்ல டாக்டர், நல்லாத்தான்..." என்ற குரல் பாதியில் நின்றது. பிறகு மெதுவாக, "வாங்குது" என்றாள். "உட்கார்ந்திருந்தாலே வாங்குது."

டாக்டர் நர்ஸைப் பார்க்க, நர்ஸ் ஆம்புலன்ஸுக்குச் சொல்ல ஓடினார். மனைவி கையை நீட்டினாள். டாக்டர் போனை அவள் காதருகே வைத்தார். பேச முடியாதவள் கட்டில் கம்பியைத் தட்டினாள். டக் டக், டக் டக்.

"அம்மாவா அது?" என்றாள் மகள். அவளுக்கு அழுகை உடைந்துகொண்டு வந்தது.

"அம்மாதான்" என்றார் ஓட்டுநர். "வாசக் கதவைத் திறந்து வெச்சுட்டு உட்காரச் சொல்றா. வண்டி வருது."